செவலையிடம் சொன்னது

நாலு மணிக்குத் துரைசானி வந்து பாப்பாவைச் சோதிக்கப் போகிறாள். இப்போது மணி என்ன என்று தெரியவில்லை. முப்பத்தைந்து நாளாக இந்தப் புகைக்கப்பலில் இருக்கிறேன், இதன் மணிக்கணக்கு மட்டும் எனக்குப் பிடிபட்டபாடில்லை, நாலு தரம் அடித்தால் இரண்டு மணியாம், எட்டுத் தரம் அடித்தால் நாலு மணியாம், கப்பலில் ஏறியதும் வெள்ளைக்காரனுக்கே எண்ணிக்கை மறந்துவிடுகிறது போல. நாலு தரம் அடித்ததைக் கேட்டேன். அதற்குப் பிறகு அடித்ததா இல்லையா, இந்தச் சங்குச் சத்தத்தில் தெரியவில்லை. காலையிலிருந்து மூடுபனி. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் இல்லை, கடல் இருக்கிறதா என்றுகூடச் சந்தேகமாக இருக்கிறது, சத்தம் மட்டும் கேட்கிறது. கப்பல் ஊர்கிறது. எதிரே வேறு கப்பல் வந்து முட்டிவிடக் கூடாது என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் சங்கு ஊதுகிறார்கள், ஒவ்வொரு தரமும் மடியில் பாப்பாவின் உடம்பு தூக்கத்திலேயே தூக்கிப்போடுகிறது, நான் தொடையை ஆட்டுகிறேன், அடங்குகிறது. நாலரை வயசுப் பிள்ளை, கால் இரண்டும் என் மடியைத் தாண்டித் தொங்குகின்றன. புகைபோக்கிக்குப் பக்கத்தில் கதகதப்பாக இருக்கும் என்று இங்கே வந்து உட்கார்ந்தேன் என்று யாராவது கேட்டால் சொல்லலாம். யார் கேட்கப்போகிறார்கள், கேட்டாலும் எந்தப் பாஷையில் சொல்வேன். உண்மையில் வந்தது இதோ எதிரே இருக்கிற செவலையின் கொட்டிலுக்காக. நாலு பலகை, ஒரு கயிறு, மூலையில் கொஞ்சம் வைக்கோல். செவலை இல்லை. மூன்று நாளாக இல்லை.

நாளைக் காலையில் கரை தெரியுமாம், மத்தியானத்துக்குள் எல்லாரையும் இறக்கிவிடுவார்களாம். சீமை. பட்டணத்தில் இருந்தவரை சீமை என்றால் துரைசானியின் தொப்பி வருகிற ஊர், பிஸ்கோத்து டப்பா வருகிற ஊர், அவ்வளவுதான். அங்கே துரையின் அக்கா இருக்கிறாள். அவள் வீட்டில் விட்டுத்தான் பாப்பாவை வளர்க்கப் போகிறார்கள், துரைசானி ஒரு வருஷம் கூட இருந்துவிட்டுப் பட்டணத்துக்குத் துரையிடம் திரும்பிப் போவாள். ஏடனில் கப்பல் நின்றபோது அந்த அக்காவின் கடுதாசி காத்திருந்தது. குழந்தைக்குக் கறுப்பு ஜனங்களின் பாஷையைத் தவிர வேறொன்றும் வராது என்று கேள்விப்பட்டேன், என் வீட்டு வேலைக்காரிகள் சிரித்தால் நான் தலைகாட்ட முடியாது என்று எழுதியிருந்தாளாம். சீமையானாலும் நாத்தனார் நாத்தனார்தான், அதில் வெள்ளை கறுப்பு இல்லை. படித்துவிட்டுத் துரைசானி சாப்பிடவில்லை. சாயங்காலம் என்னைக் கூப்பிட்டாள். துரைசானியின் தமிழ் சமையற்கட்டுத் தமிழ், கொண்டா, வை, போ என்பதற்குள் முக்கால்வாசி அடங்கிவிடும், அன்றைக்குத்தான் அவள் அவ்வளவு நீளமாகப் பேசிக் கேட்டேன். "ஆயா, நீ கேளு. பாப்பாகிட்ட தமிழ் பேசாதே. ஒரு வார்த்தை பேசாதே. சீமை வர்ற முன்னே பாப்பா தமிழ் மறக்கணும். மறந்தா நீ வீட்டுக்கு வா, ஒரு வருஷம் பாப்பாகூட இரு. மறக்கலே, நீ இதே கப்பல்லே திரும்பிப் போ." நான் தலையை ஆட்டினேன். தலையாட்டினால் போதாது என்று என் கழுத்து ஜெபமாலையைக் கையில் எடுத்துக் கொடுத்து, அதைத் தொட்டுச் சொல்லு என்றாள். பாப்பாகிட்ட தமிழ் பேச மாட்டேன். சொன்னேன். மாதா கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பாள், அவளுக்கு எல்லாப் பாஷையும் தெரியும். துரைசானி கெட்டவள் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு வருஷம் கழித்து அவளும்தான் பிள்ளையை விட்டுவிட்டுப் போகப்போகிறாள். அதை நினைத்து ராத்திரியெல்லாம் புரளுகிறாள் என்று அவள் கட்டிலுக்குக் கீழே படுத்திருக்கிற எனக்குத் தெரியாதா.

பேசினால் பாப்பா இல்லை. பேசாவிட்டால் பாப்பா இருப்பாள், ஆனால் யாருடைய பாப்பாவாக இருப்பாள் என்று தெரியாது. இதைத்தான் இருபது நாளாகத் திருப்பித் திருப்பி அரைத்துக்கொண்டிருக்கிறேன். இங்கிலீஷில் பேசிக்கொள்ளேன் என்றால், எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் பத்து வார்த்தை, அதில் நாலு துரை குதிரையைத் திட்டுவது. முதல் நாள் பாப்பா தண்ணி கேட்டாள், நான் எடுத்துக் கொடுத்தேன், வாயைத் திறக்கவில்லை. சிரித்தாள், ஏதோ விளையாட்டு என்று நினைத்துவிட்டாள். மறுநாள் "ஆயாவுக்கு வாய் வலிக்குதா" என்று கேட்டு, என் மடியில் ஏறி நின்று, இரண்டு கையாலும் என் உதட்டைப் பிரித்து உள்ளே பார்த்தாள். பல்லைத் தொட்டுப் பார்த்தாள். நான் பேசாமல் காட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அடித்தாள். என் முகத்தில், மாரில், சின்னக் கையால், விக்கி விக்கி அழுதுகொண்டு. நாலாம் நாள் அடிக்கவில்லை, அதுதான் மோசம். வேறு பிள்ளைகளோடு போய் உட்கார்ந்துகொண்டாள், அவர்கள் பேசுகிற வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தைக்குப் பாஷை என்ன, ஒரு வாரத்தில் இரண்டு வாக்கியம் பிடித்துவிட்டாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கப்பலில் முன்னூறு பேர் இருப்பார்கள். அடியில் கரி வாருகிறவர்கள் ஒரு தேசம், பாய்மரத்தில் ஏறுகிறவர்கள் வங்காளத்து ஆட்கள், மேலே எல்லாம் வெள்ளைக்காரர்கள். அதில் தமிழ் தெரிந்தவர்கள் மூன்று பேர். ஒருத்திக்கு அது சமையற்கட்டோடு சரி. ஒருத்தியிடம் நான் பேசக் கூடாது. மூன்றாவது நான். என்னோடு நானே எவ்வளவு நாள் பேசிக்கொண்டிருப்பது, எனக்கே அலுத்துவிட்டது.

அப்புறம் செவலை. இல்லை, செவலை முதலிலிருந்தே இருந்தாள், நான்தான் கவனிக்கவில்லை. கப்பலில் வருகிற பிள்ளைகளுக்குப் பால் வேண்டும் என்று பட்டணத்துக் கரையிலேயே வாங்கி ஏற்றிய மாடு. வயிற்றில் பட்டை கட்டி, படகிலிருந்து தூக்கினார்கள், காலை உதறிக்கொண்டு வானத்தில் தொங்கிக் கத்தினாள். அவளுக்கு அடுத்தபடி கூடையில் வைத்து என்னைத்தான் தூக்கினார்கள், நான் கத்தவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஐந்தாம் நாள் காலையில் பால் வாங்கிவரப் போனேன், பாப்பா இடுப்பில். மாடு என்னைப் பார்த்துத் தலையைத் தூக்கியது. "என்னடி செவலை, இந்தக் குளிரு எப்பிடி இருக்குது" என்று கேட்டுவிட்டேன், தானாக வந்துவிட்டது. இடுப்பில் பாப்பா திடுக்கிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அவள் உடம்பு முழுக்க நின்றுபோயிற்று. அப்போதுதான் எனக்கு என் மாமியார் ஞாபகம் வந்தாள்.

மாமியாரும் நானும் பதினோரு மாசம் பேசாமல் இருந்தோம். ஒரு மீன் தலைக்காக. அந்த மீன் தலையை யார் தின்றது என்பதில் இன்னும் எனக்கு அவள்மேல் சந்தேகம் உண்டு, அது போகட்டும். ஒரே வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள் பேசாமல் எப்படிக் காலம் தள்ளுவது, ஜாடையாகத்தான். எங்கள் தெருவில் பேச்சு நின்றுபோன எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஒருத்தி அம்மியிடம் சொல்வாள், ஒருத்தி சுவரிடம் சொல்வாள், நாங்கள் கோழியிடம் சொன்னோம். "ஏ கோழி, சோறு ஆறிப்போவுது, திங்கறவங்க இருந்தா திங்கச் சொல்லு." அதற்கு அவள், "ஏ கோழி, உப்பில்லாத சோறு ஆறினா என்ன, சுட்டா என்னன்னு கேளு." இப்படியே பதினோரு மாசம். அந்தக் கோழிக்குத் தெரிந்த அளவுக்கு எங்கள் குடும்பத்தை எங்கள் சாமியாருக்குக்கூடத் தெரியாது. ஜாடைக்கு ஒரே ஒரு சட்டம்தான். முகத்தைப் பார்க்கக் கூடாது. முகத்தைப் பார்த்துவிட்டால் அது பேச்சாகிவிடும், அப்புறம் யார் முதலில் பேசினது என்று வரும், தோற்றது யார் என்று வரும். கோழியைப் பார்த்துச் சொல்லிவிட்டால் யாரும் யாரிடமும் பேசவில்லை. கடைசியில் அந்தக் கோழியை ஈஸ்டருக்கு அடித்துக் குழம்பு வைத்தோம், வேறு வழியில்லாமல் நேருக்கு நேர் பேச வேண்டியதாயிற்று.

ஆகவே நான் சத்தியத்தை மீறவில்லை. பாப்பாவிடம் பேச மாட்டேன் என்றுதான் சத்தியம், மாட்டிடம் பேச மாட்டேன் என்று யாரும் என்னிடம் வாங்கவில்லை. மாதா இதை எப்படி எடுத்துக்கொள்வாள் என்று யோசித்தேன். அவளும் ஒரு மாட்டுக் கொட்டிலில் பிள்ளை பெற்றவள், இரண்டு வார்த்தை அந்த மாட்டிடம் பேசாமலா இருந்திருப்பாள். "செவலை, பாப்பா முந்தாநேத்து அடிச்சதிலே ஆயாவுக்கு வலிக்கலேன்னு சொல்லு" என்றேன், மாட்டின் நெற்றியைத் தடவிக்கொண்டு. "ஆயா வாயிலே புண்ணு ஒண்ணும் இல்லே, பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க, அவ்வளவுதான்னு சொல்லு." மூன்று நாள் பாப்பா கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள். நாலாம் நாள் என் காதுக்குப் பக்கத்தில், மாட்டைப் பார்த்துக்கொண்டு, மெல்ல, "செவலை, பால்லே கரி நாத்தம் அடிக்குதுன்னு சொல்லு" என்றாள். யார் சொல்லிக்கொடுத்தார்கள் அவளுக்கு, முகத்தைப் பார்க்கக் கூடாது என்று. யாரும் சொல்லவில்லை. நான் பார்க்கவில்லை, அவளும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு காலையிலும் சாயங்காலமும் செவலைக்கு வேலை வந்துவிட்டது. மால்டாவில் ஆட்டுக்குட்டி பார்த்ததை அவளிடம் சொன்னோம், மேலே மஞ்சள் தலைமுடிப் பையன் கிள்ளினதைச் சொன்னோம், கிள்ளினால் திருப்பிக் கிள்ளு என்று செவலை சொல்லியனுப்பினாள். துரைசானி ஒரு நாள் பார்த்துவிட்டாள். நான் மாட்டோடு பேசுகிறேன் என்று சிரித்தாள், சாப்பாட்டு மேஜையில் கப்பித்தானிடம் சொல்லியிருப்பாள் போல, மறுநாள் இரண்டு துரைமார் வந்து நான் மாட்டோடு பேசுவதை வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும். அன்றைக்கு நான் மாட்டோடு வைக்கோலைப் பற்றி மட்டும் பேசினேன்.

ஒன்றை மட்டும் செவலையிடம் நான் கேட்கவில்லை. பட்டணத்தில் தினம் படுக்கப்போடும்போது பாப்பாவிடம் கேட்பது. "யாரு பாப்பா நீ?" அவள் கண்ணை மூடிக்கொண்டே, "ஆயா பாப்பா" என்பாள். பேச்சு வந்த நாளிலிருந்து ஒரு நாள் தவறினதில்லை. துரைசானி பக்கத்தில் இருக்கும்போது வாய்தவறிக் கேட்டுவிட்டால் "மம்மா பாப்பா" என்பாள் கள்ளி. இந்த இருபது நாளில் அதைக் கேட்க எத்தனை தரம் வாய்வரை வந்தது. மாட்டை வைத்துக்கொண்டு எதை எதையோ கேட்கலாம், அதை எப்படிக் கேட்பது. அது எனக்கும் அவளுக்கும் நடுவில் உள்ளது. பதில் வராவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் இருந்தது, அதையும் மறைப்பானேன்.

சங்கு. தூக்கிப்போட்டது. ஒன்றுமில்லை கண்ணு, ஒன்றுமில்லை என்று மனசுக்குள் சொல்கிறேன், வாயில் வராமல் பார்த்துக்கொள்கிறேன். தூக்கத்தில் ஏதோ முனகினாள். குனிந்து கேட்டேன், என்ன பாஷை என்று தெரிவதற்குள் மறுபடி சங்கு. தூக்கத்தில் உளறிவிட்டால், நாலு மணிக்குத் துரைசானி வருகிறபோது இவள் தூங்கிக்கொண்டிருந்து, தமிழில் ஏதாவது சொல்லிவிட்டால். சொல்லட்டும் என்றும் இருக்கிறது. ஒரு வார்த்தை, தண்ணி என்றாவது, அம்மாடி என்றாவது, என் காதில் விழுந்துவிட்டால் போதும், அப்புறம் இதே கப்பலில் திரும்பிப் போகச் சொன்னாலும் போய்விடுவேன். இப்படி நினைத்த அடுத்த நிமிஷம், ஐயோ வேண்டாம், ஒரு வருஷம், முன்னூற்று அறுபத்தைந்து தரம் படுக்கப்போடலாம், வாயைத் திறக்காதே என் தாயே என்று மன்றாடுகிறேன். மாதாவுக்கே எதைக் கேட்கிறேன் என்று குழப்பமாக இருக்கும்.

மூன்று நாளைக்கு முன்னால் அந்தப் பெரிய புயல். கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்திருக்க யோசித்தது. சாமான்கள் உருண்டன, துரைசானி அறையில் வாந்தியெடுத்துக்கொண்டு கிடந்தாள், நான் பாப்பாவை மாரோடு சேர்த்துக் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மேலேயிருந்து ஒரு கத்தல் கேட்டது. மனுஷக் கத்தல் இல்லை. காலையில் வந்து பார்த்தால் செவலை ஒருக்களித்துக் கிடந்தாள், முன்னங்கால் முறிந்து தொங்கியது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நான் பாப்பாவின் முகத்தை என் தோளில் திருப்பி வைத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன், ஒரு வார்த்தை சொல்லாமல். அத்தனை நாள் எங்களுக்காகத் தூது போனவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வந்துவிட்டேன். சாயங்காலம் பிள்ளைகளுக்கு ஆட்டுக்கறியும் கோழியும் இல்லாமல் மாட்டுச் சூப்பு வந்தது. எங்கள் வீட்டில் மாட்டுக்கறி தின்னாதவர்கள் இல்லை, நானும் தின்று வளர்ந்தவள்தான். ஆனால் அந்தக் கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டேன். பாப்பாவுக்குப் புகட்ட வேண்டும். அவள் பசியில் வாயைத் திறந்தாள், நான் கரண்டியால் கொடுத்தேன், கடைசிச் சொட்டுவரை. குடித்த பாலும் செவலை, அன்றைக்குக் குடித்ததும் செவலை. மறுநாள் காலையில் பாப்பா கொட்டிலுக்கு வந்து பார்த்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. துரைசானியிடம் போய் இங்கிலீஷில் கேட்டாள். துரைசானி ஏதோ சொன்னாள், வானத்தைக் காட்டினாள். அன்றிலிருந்து பாப்பாவின் வாயில் தமிழ் இல்லை. என் வாயிலும் இல்லை. எதைப் பார்த்துப் பேசுவது.

கோழிக்குப் பிறகு நேருக்கு நேர் பேசினோமே, நானும் மாமியாரும். அங்கே பேசலாம். இங்கே பேச முடியாது. என் பிள்ளை சூசை இருந்திருந்தால் இவளைவிட மூன்று வாரம் மூத்தவன். இருபத்திரண்டாம் நாள் போய்விட்டான், மாரில் பால் கட்டிக்கொண்டு காய்ச்சலில் கிடந்தேன், துரை வீட்டுப் பட்லர் மரியதாஸ் வந்து பால் இருக்கிறதா என்று கேட்டார், வெட்கமில்லாமல் இருக்கிறது என்றேன். துணியில் சுற்றி இவளைக் கையில் கொடுத்தார்கள், எலிக்குஞ்சு மாதிரி சிவப்பாக. வாயை வைத்ததும் வலி விட்டது. அந்த நிமிஷத்திலிருந்து சூசையின் முகத்தை நினைக்கப் போனால் இவள் முகம் குறுக்கே வருகிறது. மூக்கு எப்படி இருந்தது அவனுக்கு. நெற்றியில் ஒரு மச்சம் இருந்தது, இல்லை, அது இவளுக்கு. காது மட்டும் ஞாபகம் இருக்கிறது, அப்பன் காது, மடல் ஒட்டாத காது. அந்த அப்பன் இதே மாதிரி ஒரு புகைக்கப்பலில் ரங்கூன் போனவன். அரிசி ஆலையில் வேலை, ஆறு மாசத்தில் வந்துவிடுகிறேன் என்றான், ஐந்து வருஷமாக ஆறு மாசம் முடியவில்லை. நான் எங்கே திரும்பிப் போவது. பட்டணத்தில் இறங்கினால் யார் என்னைச் சவரி என்று கூப்பிடப்போகிறார்கள், மாமியாரும் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரு சண்டைக்குக்கூட ஆள் இல்லை. என் பிள்ளையின் முகத்தை மறைத்த முகம் இதோ மடியில் தூங்குகிறது, வாயோரம் எச்சில் வழிகிறது, துடைக்கிறேன். இதுவும் என்னை மறந்துவிட்டால் நான் இருக்கிறேன் என்பதற்கு யார் சாட்சி.

மணி அடிக்கிறது. எண்ணுகிறேன். ஐந்து, ஆறு, நடுவில் சங்கு, ஏழு, எட்டு. எட்டா. எட்டுதான். பாப்பா கண்ணை விழித்தாள். எங்கே இருக்கிறோம் என்று சுற்றிலும் பார்த்தாள், பனியைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. துரைசானி சால்வையைப் போர்த்திக்கொண்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, பனிக்குள்ளிருந்து வந்தாள். புயலுக்குப் பிறகு அவள் முகத்தில் ரத்தமே இல்லை. நான் எழுந்திருக்கப் போனேன், கையமர்த்தினாள். பாப்பாவின் முன்னால் குனிந்து உட்கார்ந்தாள்.

"ஈடித். பால் வேணுமா?"

துரைசானி தமிழில் கேட்பாள் என்று எனக்குத் தெரியும். பாப்பா அவளையே பார்த்தாள்.

"வாட், மம்மா?"

"மாடு. மாடு எங்கே?"

கொட்டில் கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கிறது. கண்கூட அந்தப் பக்கம் போகவில்லை. "வாட், மம்மா?" துரைசானி மூச்சை விட்டாள். ஆனாலும் திருப்தி இல்லை, நாத்தனார் அப்படிச் சும்மா விடுகிறவள் இல்லை போல. என் பக்கம் திரும்பி, "ஆயா, நீ கேளு. தமிழ்லே கேளு" என்றாள்.

இருபது நாள். இருபது நாளாக அடைத்து வைத்த வாய், அதைத் திறக்கச் சொன்னதும் என்ன கேட்பது என்று தெரியவில்லை. பசிக்குதா என்று கேட்கத்தான் நினைத்தேன், சத்தியமாகப் பசிக்குதா என்றுதான் கேட்க நினைத்தேன். பாப்பாவின் கன்னத்தைக் கையில் பிடித்துத் திருப்பினேன்.

"யாரு பாப்பா நீ?"

கேட்டபிறகுதான் என்ன கேட்டேன் என்று என் காதிலேயே விழுந்தது. பதில் சொல்லாதே என்று மனசு கத்துகிறது, சொல்லு என்று உடம்பு கத்துகிறது. பாப்பா என் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தாள். இமைக்கவில்லை. வழியில் போகிற யாரையோ பார்க்கிற மாதிரிப் பார்த்தாள்.

"வாட், ஆயா?"

துரைசானி சிரித்துவிட்டாள், அழுகையும் சேர்ந்து வந்தது. பாப்பாவின் தலையில் முத்தம் கொடுத்தாள். என் தோளில் கை வைத்தாள், நாலரை வருஷத்தில் முதல் தடவையாக. "நல்ல ஆயா. நீ வா. வீட்டுக்கு வா" என்றாள். தேநீர் ஆறிப்போகும் என்று சொல்லிவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனாள். பனி அவளை மூடிக்கொண்டது.

ஜெயித்துவிட்டேன். ஒரு வருஷம். முன்னூற்று அறுபத்தைந்து தரம் படுக்கப்போடலாம், போர்த்திவிடலாம், காலைப் பிடித்துவிடலாம். கேட்டதைக் கொடுத்துவிட்டாள் மாதா, நான்தான் சரியாகக் கேட்கவில்லை. மூன்றே நாள், மூன்று நாளில் அத்தனையும் போய்விடுமா, பால் மாதிரி திரிந்துபோகுமா. நான் யார் என்று அவளுக்குத் தெரியும், ஆயா என்று சொன்னாளே. ஆயா என்றால் இவர்களுக்கு ஒரு வேலை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அழுகிறேன், சத்தமில்லாமல் அழத் தெரியாதவள் நான், இந்த இருபது நாளில் அதையும் கற்றுக்கொண்டுவிட்டேன். பாப்பா மடியிலிருந்து இறங்கிவிட்டாள். போகட்டும், அந்த மஞ்சள் தலைமுடிப் பையனிடம் போகட்டும். போகவில்லை. கொட்டிலுக்குப் போய்ப் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். துரைசானி போன பக்கத்தை ஒரு தரம் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பி, என்னைப் பார்க்காமல், தொங்குகிற கயிற்றைப் பார்த்தாள்.

"செவலை," என்றாள் மெல்ல. "ஆயா அழுவுது. நான் ஆயா பாப்பாதான்னு சொல்லு."

சங்கு ஊதியது. அது அடங்கும்வரை பாப்பா அசையாமல் நின்றாள், செவலை அசைபோட்டு முடிக்கட்டும் என்று காத்துக்கொண்டு நிற்பாளே, அதே மாதிரி. என் கை அவளை இழுத்து அணைக்கப் போயிற்று, பிடித்து நிறுத்தினேன். முகத்தைப் பார்க்கக் கூடாது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நானும் அந்தக் கயிற்றைப் பார்த்தேன்.

"கேட்டுதுன்னு சொல்லு, செவலை."